மங்கிய மீட்டர்களுக்கு வெளிச்சம்: பழைய எம்ஜிபி காரின் டாஷ்போர்டு விளக்குகளைச் சீரமைப்பது எப்படி?

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்கள் பகலில் அதன் அழகைப் பற்றிப் பேசுவார்கள். ஒருமுறை இரவில், தெருவிளக்கு இல்லாத சாலையில் ஓட்டிவிட்டால் பேச்சு மீட்டர் விளக்குகள் பக்கம் திரும்பிவிடும். வேகம் ஐம்பதா அறுபதா என்று முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். பெட்ரோல் முள் எங்கே நிற்கிறது என்பது பெட்ரோல் பங்க் வெளிச்சத்தில்தான் தெரியும்.

இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை இந்தக் கார்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாராயின. மீட்டர்கள் ஸ்மித்ஸ் நிறுவனத்துடையவை, மின்பாகங்களில் பெரும்பகுதி லூகாஸ் நிறுவனத்துடையது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றுக்கும் இதே சேர்க்கைதான். அதனால் இங்கே எம்ஜிபியை வைத்துச் சொல்வதில் பெரும்பாலானவை மோரிஸ் மைனருக்கும் மினிக்கும் கொஞ்சம் மாற்றத்தோடு பொருந்தும்.

புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவருக்குக் கிடைக்கும் முதல் யோசனை, எல்இடி பல்புகளை வாங்கி மாட்டிவிடுங்கள் என்பது. அது தவறான யோசனை இல்லை. ஆனால் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் சொல்லும் யோசனை. தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் இந்த மீட்டர்கள் இவ்வளவு மங்கலாக இருக்கவில்லை. அரை நூற்றாண்டில் வெளிச்சம் எங்கெங்கோ தொலைந்திருக்கிறது. தொலைந்ததை மீட்காமல் புது பல்பை மாட்டினால் அதுவும் ஒரு பகுதியை அதே இடங்களில்தான் தொலைக்கும். அளப்பது, சுத்தம் செய்வது, மீட்டரின் உள்பக்கத்துக்கு வெள்ளையடிப்பது, அதற்குப் பிறகுதான் பல்பு. இந்த வரிசை முக்கியம். பலருக்குப் பாதி வழியிலேயே வேலை முடிந்துவிடும்.

வெளிச்சம் எங்கே போகிறது?

எம்ஜிபியின் மீட்டர்களுக்குள் இருப்பது திருகி மாட்டும் சிறிய பல்பு. அடிப்பகுதியின் அளவு இ10, மின்சாரம் 12 வோல்ட், திறன் 2.2 வாட். லூகாஸ் பட்டியலில் அதன் எண் 987. சைக்கிள் டைனமோ விளக்கில் நாம் பார்த்த அதே பருமன். இந்த பல்பு டயலுக்கு நேராக ஒளி வீசுவதில்லை. மீட்டரின் பின்பக்கமிருந்து உள்ளே எட்டிப் பார்க்கிறது. அதன் ஒளி டப்பாவின் உள்சுவரில் பட்டு, டயலின் ஓரமாக வழிந்து முன்னால் வந்து, எண்கள் மேல் படுகிறது. ஆக உள்சுவரின் நிறமும் சுத்தமும் பல்பின் திறன் அளவுக்கே முக்கியம்.

இழை பல்புக்கு இன்னொரு குணம் உண்டு. வோல்ட் சற்றுக் குறைந்தாலும் வெளிச்சம் மிக வேகமாகக் குறையும். வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் குறையும். பேட்டரியில் 12.5 வோல்ட் இருந்து, பல்புக்கு 10.5 வோல்ட் மட்டும் வந்து சேர்ந்தால் வெளிச்சம் ஏறத்தாழ பாதியாகிவிடும். இரண்டு வோல்ட்டை விழுங்குவதற்கு ஒரு பழைய காரில் இடத்துக்கா பஞ்சம்? துருப்பிடித்த ஒரு ஹோல்டர், தளர்ந்த ஒரு எர்த் (காரின் பாடி வழியாக மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு), வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரில் ஏறிய அழுக்கு போதும்.

தேவையான பொருட்கள்

ஒரு மல்டிமீட்டர், இரு முனையிலும் முதலைக் கிளிப் உள்ள நீளமான வயர் ஒன்று, நெற்றியில் கட்டும் டார்ச், மின்தொடர்பைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே, நைஸான உப்புத்தாள், காகித நாடா, பேனா, தேவையான ஸ்பேனர்கள். வெள்ளையடிக்கும் கட்டத்துக்குப் போனால் சிறிய டப்பா வெள்ளை எனாமல் பெயின்ட், மெல்லிய தூரிகை. ஒரு தலையணையும் வேண்டும், கேலி இல்லை. இருக்கையில் தலைகீழாகக் கிடந்து டாஷ்போர்டுக்கு அடியில் கையை விடும் வேலை இது. கழுத்துக்கு அடியில் மெத்தென்று ஏதாவது இல்லாவிட்டால் அரை மணி நேரத்தில் பொறுமை போய்விடும். பொறுமை போன கைதான் வயரைப் பிய்க்கும்.

முதலில் அளந்து பாருங்கள்

எதையும் கழற்றாமல், இன்ஜினை அணைத்துவிட்டு, சைடு லைட்டைப் போடுங்கள். டாஷ்போர்டில் உள்ள டிம்மர் குமிழை முழு வெளிச்சத்துக்குத் திருப்புங்கள். மீட்டர்களில் மாற்றம் தெரிகிறதா, திருப்பும்போது மினுக்குகிறதா என்று பாருங்கள். மினுக்கினால் குற்றவாளிகளில் ஒருவர் அங்கேயே பிடிபட்டார்.

பேட்டரியில் எத்தனை வோல்ட் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து டிம்மரின் பின்பக்கம். சைடு லைட் சுவிட்சிலிருந்து வரும் வயர் சிவப்பு. டிம்மரைத் தாண்டி மீட்டர் பல்புகளுக்குப் போகும் வயர் சிவப்பில் வெள்ளைக் கோடு போட்டது. பிரிட்டிஷ் கார்களின் வயர் நிறங்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. அதைத் தெரிந்துகொண்டவருக்குப் பாதி வேலை எளிது: கறுப்பு எர்த்துக்கு, பச்சை, சாவியைப் போட்டபின் ஃபியூஸ் வழியாக வரும் மின்சாரத்துக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு ஹை பீமுக்கு. மல்டிமீட்டரின் ஒரு முனையை நல்ல எர்த்தில் வைத்து, சிவப்பு வயரிலும் சிவப்பு-வெள்ளை வயரிலும் மாறி மாறி அளந்து பாருங்கள். சிவப்பிலேயே பேட்டரியைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்திருந்தால் சைடு லைட் சுவிட்சிலோ அதற்கு முந்தைய இணைப்பிலோ கோளாறு. சிவப்பில் சரியாக இருந்து, சிவப்பு-வெள்ளையில் குறைந்தால் டிம்மர்தான் காரணம்.

இனி எர்த். இதற்கு எண்களே வேண்டாம், கண் போதும். முதலைக் கிளிப் வயரின் ஒரு முனையை ஸ்பீடோமீட்டரின் உலோக டப்பாவில் மாட்டுங்கள். மறுமுனையை பெயின்ட் இல்லாத, பளிச்சென்று சுரண்டிய பாடி உலோகத்தில் தொடுங்கள். தொட்ட நொடியில் மீட்டர் பிரகாசமானால் பழைய எர்த் போதவில்லை என்று பொருள். மீட்டர் பல்பின் எர்த், ஹோல்டரின் உலோக உதட்டிலிருந்து மீட்டர் டப்பாவுக்கும், அங்கிருந்து கறுப்பு வயர் வழியாக பாடிக்கும் போகிறது. நடுவில் எங்கே துரு ஏறினாலும் விளக்கு அழும். டாஷ்போர்டுக்குப் புதிதாக பெயின்ட் அடித்த கார்களிலும் மரப்பலகை டாஷ்போர்டு மாட்டிய கார்களிலும் இது அடிக்கடி நடக்கிறது. பெயின்ட்டும் மரமும் மின்சாரத்தைக் கடத்தா அல்லவா?

கை வைக்கும் முன் பேட்டரி

ஆரம்பகால எம்ஜிபியில் ஃபியூஸ் இரண்டே இரண்டு. சைடு லைட்டுக்கும் மீட்டர் விளக்குக்கும் வரும் சிவப்பு வயர் அந்த இரண்டில் எதன் வழியாகவும் வருவதில்லை. ஸ்பேனர் நழுவி அந்த வயரின் முனையை பாடியோடு சேர்த்துவிட்டால் எரிவதற்கு ஃபியூஸ் கிடையாது, வயர்தான் எரியும். அது மற்ற வயர்களோடு ஒரே கட்டாகப் போவதால் பக்கத்து வயர்களும் உருகும். ஆகவே அளந்து முடித்ததும் பேட்டரியைத் துண்டித்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

பேட்டரி இன்ஜின் பக்கம் இல்லை. இருக்கைகளுக்குப் பின்னால், தரையில் உள்ள மூடியைத் திறந்தால் கிடைக்கும். 1970களின் நடுப்பகுதி வரை இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்திருந்தார்கள். பிறகு ஒரே 12 வோல்ட் பேட்டரி வந்தது. பாடியோடு இணைந்திருக்கும் கேபிளைக் கழற்ற வேண்டும். அது எந்த முனை? இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். 1967 இறுதிக்கு முன் வந்த எம்ஜிபிகள் பாசிட்டிவ் எர்த் கார்கள்: பாடியோடு இணைந்திருப்பது பேட்டரியின் பாசிட்டிவ் முனை. அதற்குப் பிறகு வந்தவை நாம் இன்று காணும் எல்லாக் கார்களையும்போல நெகட்டிவ் எர்த். ஆனால் வயதை மட்டும் நம்பாதீர்கள். இடையில் யாரோ ஒரு சொந்தக்காரர் மாற்றியிருக்கலாம். கேபிள் எங்கே போகிறது என்று கண்ணால் பாருங்கள். எல்இடி வாங்கும் நேரத்தில் இந்த விவரம் மறுபடி தேவைப்படும்.

ஹோல்டரும் டிம்மரும்

ஹோல்டர் மீட்டரின் பின்பக்க ஓட்டையில் அழுத்திச் செருகப்பட்டிருக்கும். திருக வேண்டாம், ஆட்டி ஆட்டி இழுத்தால் வரும். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது, உலோகப் பகுதியைப் பிடியுங்கள். ஒவ்வொன்றையும் எடுக்கும்போதே காகித நாடா ஒட்டி, எந்த மீட்டரின் எந்த ஓட்டையில் இருந்தது என்று எழுதுங்கள். ஸ்பீடோமீட்டரில் ஹை பீம் விளக்கும் இருக்கிறது. இடம் மாறினால் டிம் போட்டதும் நீல விளக்கு எரியும்.

கழற்றிய பல்பை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். கண்ணாடியின் உள்பக்கம் புகை படிந்ததுபோல் கறுத்திருந்தால் அது டங்ஸ்டன். இழையிலிருந்து ஆவியாகி வந்து ஒட்டியிருக்கிறது. துடைத்தால் போகாது, பல்பை மாற்ற வேண்டியதுதான். ஹோல்டருக்குள் நடுவில் உள்ள பித்தளைப் பொட்டைப் பாருங்கள். பல்பின் அடியில் படும் இடம் கறுத்தோ பச்சை பூத்தோ இருக்கும். உப்புத்தாளைக் குச்சி நுனியில் சுற்றி மெல்லத் தேய்த்து, ஸ்ப்ரே அடித்துத் துடைத்தால் மஞ்சளாக மின்னும். வெளியே டப்பாவைத் தொடும் உதடுகளையும் அப்படியே சுத்தம் செய்து, சற்று வெளிப்பக்கம் வளைத்துவிடுங்கள், இறுக்கமாக உட்காரட்டும். மீட்டரின் பின்பக்கத்தில் எர்த் வயர் பிடிக்கும் இடத்தையும் சுரண்டுங்கள். என்னைக் கேட்டால் ஒவ்வொரு மீட்டரின் டப்பாவிலிருந்தும் புதிதாக ஒரு கறுப்பு வயரை எடுத்து, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பாடியோடு முடுக்கிவிடச் சொல்வேன். செலவு அநேகமாக ஒன்றுமில்லை. அடுத்த இருபது ஆண்டுக்கு எர்த் பற்றிய கவலை விட்டது.

டிம்மர் என்பது ரியோஸ்டாட்: ஒரு தடுப்புக் கம்பிச் சுருளின் மேல் ஊர்ந்து போகும் சிறிய உலோகக் கை. பலர் அதை ஆண்டுக்கணக்கில் தொடுவதே இல்லை. தொடாத இடத்தில் ஆக்சைடு படியும். ஸ்ப்ரே அடித்து, முனையிலிருந்து முனைக்குப் பலமுறை திருப்பினாலே பெரும்பாலும் உயிர் வரும். அப்படியும் வராவிட்டால் அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, டிம்மரைத் தாண்டி மின்சாரம் போகும்படி செய்யலாம். பார்வைக்குக் குமிழ் அங்கேயே இருக்கும். வேலை மட்டும் செய்யாது. இந்தக் கார்களின் மீட்டர் விளக்கு கண்ணைக் கூசுகிறது, டிம் செய்ய வேண்டும் என்று யாரும் குறைப்பட்டு நான் கேட்டதில்லை.

இந்த இடத்தில் பேட்டரியை மாட்டி, புதிய 2.2 வாட் பல்புகளோடு இருட்டில் ஒருமுறை பாருங்கள். திருப்தியாக இருந்தால் நிறுத்திவிடலாம். மீதி வேலை மீட்டரையே கழற்றும் வேலை, அதற்குத் துணிவு வேண்டும்.

மீட்டரைக் கழற்றுதல்

ஸ்பீடோமீட்டரும் இன்ஜின் சுழற்சி காட்டும் டாக்கோமீட்டரும் ஆபத்தில்லாதவை. பின்னால் ஒரு வளைந்த பட்டையும், விரலால் திருகும் சொரசொரப்பான நட்டுகளும் அவற்றைப் பிடித்திருக்கின்றன. அந்த நட்டுகளைக் குறடு போட்டுத் திருகாதீர்கள், போல்ட் உடைந்தால் மீட்டருக்குள்ளிருந்தே பழுது பார்க்க வேண்டிவரும். ஸ்பீடோமீட்டரில் கூடுதலாக வேகக் கேபிளும், பயண மைலைப் பூஜ்யமாக்கும் சிறிய கேபிளும் இருக்கும். இரண்டின் நட்டையும் கழற்றி, மீட்டரை முன்பக்கமாக மெல்ல வெளியே எடுக்கலாம். டாக்கோமீட்டரின் வயர்களைக் கழற்றும் முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வகை டாக்கோமீட்டரில் ஒரு வெள்ளை வயர் பின்பக்கத்தில் வளையமாகச் சுற்றிப் போகும். அந்தச் சுற்று எந்தத் திசையில் இருக்கிறது என்பது முக்கியம். மாறினால் முள் அசையாது.

எண்ணெய் அழுத்தத்தையும் தண்ணீர் வெப்பத்தையும் ஒரே முகத்தில் காட்டும் இரட்டை மீட்டர்தான் ஆபத்தானது. ஆரம்பகால எம்ஜிபிகளில் இதுதான் இருக்கும். அழுத்தத்தை அது மின்சாரத்தால் அறிவதில்லை: இன்ஜின் எண்ணெயே ஒரு குழாய் வழியாக மீட்டரின் முதுகு வரை வருகிறது. வெப்பத்தை அறிவது இன்ஜினிலிருந்து வரும், நூல்போல் மெல்லிய ஒரு செப்புக் குழாய். அதற்குள் எளிதில் ஆவியாகும் ஈதர் என்ற திரவத்தை அடைத்திருக்கிறார்கள். தண்ணீர் சூடானால் ஈதர் ஆவியாகி, அழுத்தம் குழாய் வழியாக வந்து முள்ளைத் தள்ளும். அந்தக் குழாய் மீட்டரோடும் மறுமுனை உணரியோடும் ஒரே உடம்பு. கழற்ற இடமில்லை. மடிந்து விரிசல் விட்டால் ஈதர் வெளியேறிவிடும், மீட்டர் அன்றோடு செத்தது. அதைத் திரும்ப நிரப்ப அந்தத் தொழில் தெரிந்த பட்டறைக்குத்தான் அனுப்ப வேண்டும்.

ஆகவே வெளிச்சத்துக்காக இரட்டை மீட்டரை வெளியே எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதன் ஹோல்டரை மட்டும் பின்னாலிருந்து எடுத்துச் சுத்தம் செய்து பல்பை மாற்றுங்கள். கை போகவில்லை என்றால் நட்டைத் தளர்த்தி, குழாய் இழுபடாத அளவுக்கு அரை அங்குலம் முன்னால் தள்ளிக்கொள்ளலாம். அவ்வளவோடு நில்லுங்கள்.

உள்ளே வெள்ளையடித்தல்

இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த கட்டம் இது. பலன் கண்ணுக்கு முன்னாலேயே தெரியும்.

ஸ்மித்ஸ் மீட்டரின் முன்பக்கத்தில் கண்ணாடியைப் பிடித்திருக்கும் குரோம் வளையத்தில் உள்பக்கம் சிறிய பற்கள் இருக்கும். டப்பாவின் விளிம்பில் அதற்கேற்ற பள்ளங்கள் இருக்கும். வளையத்தைத் திருப்பி, பல்லைப் பள்ளத்துக்கு நேராகக் கொண்டுவந்தால் கழன்று வரும். உள்ளே இருக்கும் ரப்பர் ஐம்பது ஆண்டில் தார்போல ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் முதலில் அசையாது. தலைமுடி உலர்த்தும் கருவியால் வளையத்தைச் சுற்றிலும் மிதமாகச் சூடாக்கி, இரு கை விரல்களாலும் சமமாக அழுத்தித் திருப்புங்கள். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் குரோம் வளையம் நசுங்கும். நசுங்கினால் பழைய வட்டம் திரும்பவே திரும்பாது. வளையம் டப்பாவோடு மடித்து மூடப்பட்ட வகையாக இருந்தால் இந்தக் கட்டத்தை விட்டுவிடுங்கள்.

திறந்ததும் டயலை ஊதிகூடப் பார்க்காதீர்கள் என்பேன். எண்களின் அச்சு உலர்ந்துபோயிருக்கும், ஈரத்துணி பட்டால் 70-இல் 7 துணியோடு வந்துவிடும். முள்ளைத் தொடவே கூடாது. பின்பக்கத் திருகுகளைக் கழற்றி, டயலும் உள் இயந்திரமும் சேர்ந்த பகுதியை டப்பாவிலிருந்து எடுத்து, தூசி படாமல் ஒரு கிண்ணத்தால் மூடி வையுங்கள். கையில் இப்போது காலி டப்பா மட்டும்.

அதன் உள்சுவரைப் பாருங்கள். ஆதியில் வெளிர் நிறத்தில் பளபளத்த பூச்சு இப்போது பழுப்பேறிக் கிடக்கும். விரலால் தடவினால் மாவுபோல வரும். உதிர்வதைத் துடைத்து எடுத்துவிட்டு, வெள்ளை எனாமலை மெல்லியதாக இரண்டு பூச்சு கொடுங்கள். ஹோல்டர் உதடு தொடும் ஓட்டை விளிம்புகளிலும் எர்த் திருகு உட்காரும் இடத்திலும் பெயின்ட் படக் கூடாது, பட்டால் சற்று முன் சரிசெய்த எர்த்தை நீங்களே கெடுத்ததாகும். அலுமினிய ஒட்டு நாடா ஒட்டச் சொல்பவர்களும் உண்டு. அது கழன்று இயந்திரத்தின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

பெயின்ட் தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே மூடிவிடாதீர்கள். குறைந்தது இரண்டு நாள் திறந்து வையுங்கள். மணம் முற்றிலும் போகாமல் மூடினால் அந்த ஆவி கண்ணாடியின் உள்பக்கம் படலமாகப் படியும். கண்ணாடியைச் சுத்தமாகத் துடைத்து, முடிந்தால் புது ரப்பர் வளையம் போட்டு மூடுங்கள்.

சில மீட்டர்களில் பல்புக்கும் டயலுக்கும் நடுவே பச்சை நிற பிளாஸ்டிக் தொப்பியோ வடிகட்டியோ இருக்கும். அந்தக் காலத்து மென்பச்சை ஒளிக்கு அதுதான் காரணம். அதை எடுத்துவிட்டால் வெளிச்சம் கூடும் என்பது உண்மை. காரின் இரவு முகம் மாறிவிடும் என்பதும் உண்மை. எடுப்பதானால் பத்திரமாக ஒரு உறையில் போட்டு வையுங்கள்.

எல்இடி தேர்வு

இவ்வளவும் செய்த பிறகும் போதவில்லையா? இப்போது எல்இடி வாங்கலாம். 2.2 வாட்டுக்குப் பதில் 5 வாட் இழை பல்பு போடலாமே என்று தோன்றும். வேண்டாம். அந்தச் சூட்டுக்கு பிளாஸ்டிக் தொப்பி உருகும், டயல் பெயின்ட் பழுக்கும். எல்இடியின் பெரிய நன்மையே அது சூடாகாததுதான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: அடிப்பகுதி இ10, மின்சாரம் 12 வோல்ட். பாசிட்டிவ் எர்த் கார் என்றால் இரு திசையிலும் எரியும் வகையா என்று கேளுங்கள். எல்இடி ஒரு திசை மின்சாரத்துக்கு மட்டும் எரியும். சாதாரணமாகக் கிடைப்பவை நெகட்டிவ் எர்த்துக்காகச் செய்தவை. பாசிட்டிவ் எர்த் காரில் அவை எரியவே எரியாது.

அடுத்து, ஒளி எந்தப் பக்கம் போகிறது என்பது. நுனியில் மட்டும் ஒரு சில்லு வைத்த எல்இடி டார்ச்போல முன்னால் மட்டும் வீசும்: டயலில் ஓர் இடத்தில் வெள்ளைப் பொட்டு, மற்ற இடமெல்லாம் இருட்டு. பக்கவாட்டிலும் சில்லுகள் உள்ளதாக வாங்குங்கள். நீளத்தையும் கவனியுங்கள். பழைய பல்பைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, அதைவிட நீளமானதைத் தவிருங்கள். உள்ளே முட்டினால் இயந்திரம் கெடும்.

நிறத்தில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். குளிர்ந்த வெள்ளை, அதாவது 6000 கெல்வின் என்று எழுதியிருப்பது, நீலம் கலந்த ஒளி. 1960களின் காரில் அது செல்பேசிக் கடைப் பலகையைத்தான் நினைவூட்டும். 2700 முதல் 3000 கெல்வின் வரை உள்ள இதமான வெள்ளைதான் பழைய இழை பல்புக்கு நெருக்கம். பச்சை வடிகட்டி இருக்கிற மீட்டரில் பச்சை எல்இடி போட்டால் வடிகட்டியால் வீணாகும் ஒளி குறைவு, பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால் பச்சை ஒளியில் சிவப்பும் ஆரஞ்சும் கறுப்பாகத் தெரியும். முள் ஆரஞ்சு நிறமாக இருந்தால் கறுத்த டயலில் அது காணாமல் போய்விடும். சிவப்பு எல்இடி போட்டால் டாக்கோமீட்டரின் சிவப்பு எல்லைக்கோடு வெள்ளை எழுத்துகளோடு கலந்து பிரித்தறிய முடியாமல் போகும். ஒன்றை வாங்கி, ஒரு மீட்டரில் போட்டு, இரவில் பார்த்த பிறகு மீதியை வாங்குங்கள்.

எவற்றை மாற்றக் கூடாது

பல்புகளை எல்இடியாக மாற்றும் உற்சாகத்தில் சார்ஜ் விளக்கையும் சேர்த்து மாற்றிவிடுகிறார்கள். சாவியைத் திருப்பியதும் எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணையும் அந்தச் சிவப்பு விளக்கு வெறும் எச்சரிக்கை விளக்கு அல்ல. ஆல்டர்னேட்டர் உள்ள கார்களில், அது மின்சாரம் தயாரிக்கத் தொடங்குவதற்குத் தேவையான முதல் மின்சாரம் இந்த பல்பு வழியாகத்தான் போகிறது. 2.2 வாட் பல்பு ஏறத்தாழ 0.18 ஆம்பியரை விடுகிறது. எல்இடி அதில் ஒரு சிறு பங்கைத்தான் விடும். விளைவு: இன்ஜினை உறுமவிடும் வரை ஆல்டர்னேட்டர் விழிக்காது, சில சமயம் விழிக்கவே விழிக்காது. பேட்டரி இறங்கிக்கொண்டே போகும். காரணம் தெரியாமல் ஆல்டர்னேட்டரை மாற்றுவார்கள். ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ உள்ள கார்களில் வேறு தொல்லை. சிறிய மின்கசிவுக்கே எல்இடி மினுங்கும், இன்ஜின் ஓடும்போதும் விளக்கு முழுவதும் அணையாது. எந்த வகைக் காரானாலும் அந்த இடத்தில் 2.2 வாட் இழை பல்பே இருக்கட்டும்.

ஹை பீம் விளக்கையும் விட்டுவிடுங்கள். அந்த நீலப் புள்ளியில் எல்இடி போட்டால் எதிரே வரும் காரைவிட அதுதான் கண்ணைக் குத்தும். இண்டிகேட்டர் விளக்குகளிலும் மாற்றிப் பெறும் லாபம் எதுவும் இல்லை.

எல்இடிக்கு டிம்மர்

எல்இடி போட்ட பிறகு பழைய டிம்மர் வேலை செய்யவில்லை என்று புகார் வரும். அது கெட்டுப்போகவில்லை. ஐந்து இழை பல்புகள் சேர்ந்து 0.9 ஆம்பியர் இழுக்கும். டிம்மரின் தடுப்பு 5 ஓம் என்று வைத்துக்கொண்டால் அதில் 4.5 வோல்ட் இழப்பாகும், விளக்கு நன்றாக மங்கும். ஐந்து எல்இடிகள் சேர்ந்து 0.2 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் அதே தடுப்பில் இழப்பு ஒரே ஒரு வோல்ட். மங்கியதே தெரியாது.

வெளிச்சம் அளவாக இருந்தால் டிம்மரை மறந்துவிடலாம். கட்டாயம் வேண்டுமென்றால், விளக்கை நொடிக்குப் பல நூறு முறை அணைத்து எரியவிடும் மின்னணு டிம்மர் கிடைக்கிறது. இங்கே ஒரு நுணுக்கம். மலிவாகக் கிடைப்பவற்றில் பல, நெகட்டிவ் பக்கத்தைத் துண்டித்து வேலை செய்பவை. நம் மீட்டர் பல்புகளோ டப்பா வழியாக பாடியோடு நேரே எர்த் ஆனவை. நெகட்டிவ் எர்த் காரில் அந்தப் பக்கத்தைத் துண்டிக்க வழியே இல்லை. ஆகவே பாசிட்டிவ் பக்கத்தைத் துண்டிக்கும் வகை என்று உறுதிசெய்துகொண்டு, அதைச் சிவப்பு வயருக்கும் சிவப்பு-வெள்ளை வயருக்கும் நடுவில் இணையுங்கள். கூடவே 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள்; தொழிற்சாலை தராத பாதுகாப்பு கிடைக்கும். பாசிட்டிவ் எர்த் காரில் இந்தக் கணக்கு முழுவதும் தலைகீழாகும் என்பதால் அங்கே மின்னணு டிம்மரைத் தவிர்ப்பதே நல்லது.

விளக்குக்கு மின்சாரம் தேடிக்கொண்டு மீட்டர்களின் பின்பக்கத்தில் தெரியும் வேறு எந்த வயரிலும் இணைக்காதீர்கள். பெட்ரோல் மீட்டருக்குப் போகும் மின்சாரம், அதற்கென்று உள்ள ஸ்டெபிலைசர் வழியாகச் சராசரி 10 வோல்ட்டாகக் குறைக்கப்பட்டு வருவது. அதில் விளக்கை மாட்டினால் பெட்ரோல் முள் பொய் சொல்லும்.

மாட்டிய பிறகு

கழற்றிய வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றுங்கள். வேகக் கேபிள் கூர்மையாக வளையாமல் உட்காரட்டும், வளைந்தால் முள் துள்ளும். இரட்டை மீட்டரை அசைத்திருந்தால் இன்ஜினை ஓடவிட்டு, எண்ணெய்க் குழாய் சேரும் இடத்தில் ஒரு வெள்ளைத் துணியை வைத்துப் பாருங்கள். கறை பட்டால் உடனே நிறுத்தி, இணைப்பை முடுக்குங்கள். எண்ணெய் உங்கள் கால் மேல் மட்டுமல்ல, வயர்க் கட்டின் மேலும் சொட்டும்.

கராஜ் இருட்டில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக அரை மணி நேரம் வரை ஆகும். அறைக்குள் இதமாகத் தெரிந்த வெளிச்சம், கிராமச் சாலையில் அரை மணி ஓட்டிய பிறகு கூசும். முன்கண்ணாடியில் மீட்டரின் பிம்பம் தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் வெளிச்சம் கூடிவிட்டது. ஒரு மீட்டரிலாவது எல்இடியை எடுத்துவிட்டு இழை பல்பைத் திரும்பப் போடுங்கள்.

எம்ஜிபி அல்லாத கார் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு குறிப்பு. இலங்கைச் சாலைகளில் இன்னும் ஓடும் மோரிஸ் மைனர்களில் நடுவில் ஒரே பெரிய மீட்டர் என்பதால் வேலை குறைவு; எர்த், சுத்தம், வெள்ளையடிப்பு எல்லாம் ஒரே டப்பாவில் முடிந்துவிடும். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த அம்பாசடரில் அரை நூற்றாண்டுக்கு மேல் பல மாற்றங்கள் நடந்ததால் பல்பின் அடிப்பகுதி ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். ஒன்றைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதே வழி.

1950களுக்கு முந்தைய காரோ, ராணுவ வண்டியோ, விமான மீட்டர் பொருத்திய வண்டியோ உங்களிடம் இருந்தால், டயல் எண்கள் மஞ்சளும் பழுப்புமாகத் தடித்த பூச்சாகத் தெரிகிறதா என்று கண்ணாடிக்கு வெளியிலிருந்தே பாருங்கள். அது ரேடியம் பூச்சாக இருக்கலாம். இருட்டில் ஒளிர்வது எப்போதோ நின்றிருக்கும், கதிர்வீச்சு நிற்காது. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு. உதிரும் அந்தத் தூளை மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து. அத்தகைய மீட்டரைத் திறக்கவே கூடாது. ஹோல்டரைச் சுத்தம் செய்வது, எர்த் கொடுப்பது, பல்பு மாற்றுவது ஆகிய மூன்றையும் பின்னாலிருந்தே செய்யலாம். வெள்ளையடிப்பதை அதற்கென்று உரிமம் பெற்ற பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.